பைல் சர்வர் வாங்கப் போகிறீர்களா? முதலில் யு.பி.எஸ். வாங்குங்கள்!

வீட்டுக்கு என ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறோம். சில மாதங்களில் தொழில் அதில் ஏறிக் கொள்கிறது. பின்னர் உதவிக்கு ஒருவரைச் சேர்த்து, அவருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறோம். மூன்றாவது கம்ப்யூட்டர் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எந்த பைல் எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. "ஜி.எஸ்.டி. பைனல்", "பைனல் 2", "பைனல் புதுசு" என்று ஒரே பைல் மூன்று பெயர்களில் பென் டிரைவில் அலைகிறது. வாடிக்கையாளருக்குப் பழைய விலைப்பட்டியல் போய்ச் சேர்ந்த பிறகு, "இதற்கு ஒரு சர்வர் போட்டால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது.

கேள்வி சரியானதே. ஆனால் அடுத்து நடப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. கடைக்குச் சென்றவுடன் பேச்சு முழுவதும் எந்த ப்ராசசர், எத்தனை ஜிபி ராம், எத்தனை டெராபைட் டிஸ்க் என்றே செல்கிறது. கரண்ட் போனால் என்ன ஆகும், டிஸ்க் கெட்டால் என்ன செய்வது, யாராவது தவறுதலாக அழித்துவிட்டால் எப்படி மீட்பது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நான்கைந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தில், பைல் சர்வரின் நம்பகத்தன்மையை முடிவு செய்வது அந்தப் பெட்டி அல்ல. அதைச் சுற்றி நீங்கள் செய்யும் ஏற்பாடுகள்தான். இதுவே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பைல் சர்வர் என்பது என்ன?

பயப்பட வேண்டாம். அலுவலகத்தில் உள்ள அனைவரும் பயன்படுத்தும் பைல்களை ஒரே இடத்தில் வைத்து, நெட்வொர்க் வழியாகக் கேட்பவருக்குத் தரும் கம்ப்யூட்டருக்குப் பெயர்தான் பைல் சர்வர். அலுவலகத்தின் பொது அலமாரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு அதிவேக ப்ராசசர் தேவையில்லை. டாகுமெண்ட், எக்ஸெல் பைல், ஸ்கேன் செய்த பில், டாலி டேட்டா ஆகியவற்றை ஐந்து பேருக்குத் தருவது இன்றைய எந்தச் சாதாரண ப்ராசசருக்கும் எளிதான வேலை. எனவே ப்ராசசருக்காக அதிகப் பணம் செலவழிப்பது வீண்.

இதற்கு நான்கு வழிகள் உள்ளன.

1. இருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்றில் ஒரு போல்டரை ஷேர் செய்து வைப்பது. செலவு இல்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் ஒருவர் வேலை செய்து கொண்டிருப்பார். அவர் ரீஸ்டார்ட் செய்தால் அனைவரின் வேலையும் நிற்கும். அவர் மெயிலில் வந்த வைரஸைத் திறந்தால் அனைவரின் பைலும் போகும். எண்ணிக்கையிலும் வரம்பு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் பதிப்பில் ஒரே நேரத்தில் 5 பேரும், புரபஷனல் பதிப்பில் 10 பேரும்தான் இணைய முடிந்தது. விண்டோஸ் 7 முதல் இது 20 ஆக உயர்ந்தது.

2. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஒதுக்கி அதையே சர்வராக்குவது. ட்ரூநாஸ் (முன்பு ஃப்ரீநாஸ்), ஓபன்மீடியாவால்ட் போன்ற இலவச சாப்ட்வேர்கள் இதற்கு உள்ளன. ஆர்வம் உள்ளவர்களுக்கு நல்ல வழி. ஆனால் அந்த ஆர்வம் கொண்டவர் ஊருக்குப் போன நாளில் சர்வர் நின்றால், மற்றவர்கள் கை பிசைந்து நிற்க வேண்டியதுதான். மேலும் பழைய மெஷினின் பவர் சப்ளையும் பழையது என்பதை மறக்கக் கூடாது. விண்டோஸ் 10 உள்ள பழைய கம்ப்யூட்டரை அப்படியே சர்வராக்க நினைத்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது என்பதையும் கவனிக்கவும்.

3. நாஸ் எனப்படும் சிறிய பெட்டி. இரண்டு டிஸ்க்குகளைச் செருகி, நெட்வொர்க் கேபிளை இணைத்தால் போதும். மானிட்டர், கீ போர்ட் எதுவும் வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசர் மூலம் அமைத்துக் கொள்ளலாம்.

4. முழு அளவிலான டவர் சர்வரும், விண்டோஸ் சர்வர் லைசென்சும். ஐம்பது பேர் உள்ள நிறுவனத்திற்கு இது சரி. நால்வருக்கு இது, கடைத்தெருவுக்குச் சென்று வர லாரி வாங்குவது போல.

மூன்று முதல் பத்துப் பேர் உள்ள அலுவலகத்திற்கு இரண்டு டிஸ்க் நாஸ்தான் என் தேர்வு. ஒரு காரணம் மின்சாரம். சர்வர் ஆண்டு முழுவதும் ஓடும். 70 வாட் இழுக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப் இப்படி ஓடினால் ஆண்டுக்கு சுமார் 613 யூனிட். 25 வாட் இழுக்கும் நாஸ் என்றால் 219 யூனிட். மற்றொரு காரணம் இதைவிட முக்கியமானது. அதில் யாரும் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. கேம்ஸ் விளையாட, கிடைத்த சாப்ட்வேரை எல்லாம் இன்ஸ்டால் செய்ய வழி இல்லை. சும்மா இருப்பது சர்வருக்கு ஒரு பெரிய தகுதி!

டிஸ்க் ஒரு நாள் கெடும்

ஹார்ட் டிஸ்க்கின் விவரத்தாளில் 10 லட்சம் மணி நேரம் என ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 114 ஆண்டுகள்! நம் பேரன் காலம் வரை ஓடும் என்று மகிழ வேண்டாம். ஆயிரம் டிஸ்க்குகளை ஓராண்டு ஓட்டினால் சுமார் 9 டிஸ்க்குகள் கெடும் என்பதே அந்த எண்ணின் பொருள். அதாவது நூற்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு.

நடைமுறை வேறாக இருந்தது. 2007ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவரும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 டிஸ்க்குகள் வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் இது 13 வரை சென்றது. அதே ஆண்டில் கூகுள் தன் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். கெட்டுப் போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை, வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே கெட்டுள்ளன. எனவே, "டிஸ்க் நல்லா இருக்குன்னு சாப்ட்வேர் காட்டுதே" என்பது உத்தரவாதம் ஆகாது.

டிஸ்க் வாங்கும்போது நாஸ் பயன்பாட்டிற்கென்றே தயாரிக்கப்பட்டதைக் கேட்டு வாங்கவும். அதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில டிஸ்க்குகளில் தகவல் பதியப்படும் தடங்கள், கூரை ஓடுகள் போல ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறி அமைந்திருக்கும். இடையில் உள்ள ஓட்டை மாற்ற வேண்டுமானால் அடுத்துள்ள ஓடுகளையும் கழற்றிப் போட வேண்டும் அல்லவா? அதுபோல இந்த வகை டிஸ்க்கில் திரும்பத் திரும்ப எழுதும்போது வேகம் குறைந்துவிடும். இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். தடங்கள் தனித்தனியாக உள்ள வகை சி.எம்.ஆர். நாஸ் பெட்டிக்கு ஏற்றது சி.எம்.ஆர். தான். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகளை எஸ்.எம்.ஆர். முறையில் விற்று வந்தது 2020 ஏப்ரலில் வெளியாகி, பெரும் விவாதம் எழுந்தது. அதன் பின்னர் ரெட் பிளஸ் என்ற பெயரில் சி.எம்.ஆர். வகை தனியாகப் பிரிக்கப்பட்டது. டிஸ்க்கின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரி பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ரெய்ட் என்பது பேக் அப் அல்ல

நாஸ் வாங்கியவர்கள் பெருமையாகச் சொல்வது, "ரெய்ட் போட்டிருக்கோம் சார், இனி பயமே இல்லை" என்பது. ரெய்ட் 1 என்ற முறையில் இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே தகவல் எழுதப்படும். ஒன்று கெட்டால் மற்றொன்றில் வேலை தொடரும். 1988ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையில்தான் ரெய்ட் என்ற பெயர் வந்தது. மேலே சொன்ன 2007 ஆய்வில் உள்ள அதே கிப்சன்தான் இவர்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது டிஸ்க் கெடுவதற்கு மட்டுமே மருந்து. நீங்கள் ஒரு போல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பைல்களைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் இடம் போதவில்லை என்று பழைய டிசைன் போல்டரை நீக்கிவிட்டான். மூன்று ஆண்டு திருமண அழைப்பிதழ்களும், வாடிக்கைக் கடைகளின் பில் புத்தக டிசைன்களும் அதில் இருந்தன. ரெய்ட் தன் கடமையைச் சரியாகச் செய்தது. அழித்ததையும் இரண்டு இடத்தில் அழித்தது! பெட்டியில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது காப்பி இல்லாததுதான் குறை.

இதற்கு முதல் பாதுகாப்பு ஸ்னாப்ஷாட் என்ற வசதி. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை போல்டரின் நிலையைப் படம் பிடித்தது போல சர்வர் நினைவில் வைத்துக் கொள்ளும். நேற்றைய நிலைக்குத் திரும்ப சில நிமிடங்கள் போதும். எல்லா நாஸ் மாடல்களிலும் இது கிடையாது. விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ராம் அளவைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கரண்ட் போனால்?

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சர்வர் ஒரு பைலை எழுதும்போது, அது உடனடியாக முழுவதும் டிஸ்க்கில் சென்று உட்காருவதில்லை. வேகத்துக்காக ஒரு பகுதி நினைவகத்தில் காத்திருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் காத்திருந்தது காணாமல் போகும். பாதி எழுதிய கணக்கு பைல் கெட்டுப் போகும். மின்வெட்டு இல்லாத ஊரில் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

"எங்களிடம் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பார்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேனுக்கும் விளக்குக்கும் ஆனது. பேட்டரி தீரப் போகிறது என்று அது சர்வரிடம் சொல்லாது. யு.எஸ்.பி. கேபிள் மூலம் நாஸுடன் பேசக்கூடிய யு.பி.எஸ். வேண்டும். பேட்டரி குறைந்தவுடன், எழுதுவதை முடித்துவிட்டுத் தன்னைத் தானே நிறுத்திக் கொள்ளும்படி சர்வருக்கு அது செய்தி அனுப்பும். எந்த யு.பி.எஸ். மாடல்கள் தன்னுடன் பேசும் என்ற பட்டியலை நாஸ் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்து வாங்கவும். நெட்வொர்க் ஸ்விட்சையும் அதே யு.பி.எஸ்.ஸில் இணைக்கவும். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேலை முடிந்த மாலையில், சுவர் பிளக்கைப் பிடுங்கி சர்வர் முறையாக நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வெளியுலகிற்குக் கதவைத் திறக்காதீர்கள்

"வீட்டிலிருந்தே அலுவலக பைலைப் பார்க்கலாம்" என்ற விளம்பரம் மயக்கக்கூடியது. நடந்தவற்றைப் பாருங்கள்.

2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. பைல்களைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. முறையின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டைதான் அதற்கு வழி. அதை அடைக்கும் பேட்ச் பைலை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாதவர்கள்தான் சிக்கினர்.

2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பெட்டிகள், இன்டர்நெட் வழியாக வந்த கட்டளையால் தங்களைத் தாங்களே அழித்துக் கொண்டன. அந்த மாடலுக்கு அப்டேட் தருவது 2015லேயே நின்று போயிருந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ், இன்டர்நெட்டில் நேரடியாகத் தெரியும்படி வைக்கப்பட்ட கியூநாப் நாஸ் பெட்டிகளின் பைல்களைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை:

* ரவுட்டரில் போர்ட் திறந்து சர்வரை இன்டர்நெட்டில் காட்டாதீர்கள். வெளியிலிருந்து கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் வி.பி.என். மூலம் மட்டும்.

* எஸ்.எம்.பி. முதல் பதிப்பை செட்டிங்ஸில் நிறுத்தி வைக்கவும். அது இருந்தால்தான் பழைய ஸ்கேனர் வேலை செய்யும் என்றால், ஸ்கேனரை மாற்றுங்கள்.

* வாங்கும் முன், இந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை அப்டேட் வரும் என்று பாருங்கள். அப்டேட் நின்ற பெட்டி, தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம்.

* ஒவ்வொருவருக்கும் தனி யூசர் நேம், பாஸ்வேர்ட். கணக்கு போல்டர் கணக்கருக்கு மட்டும். அட்மின் பாஸ்வேர்டை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

வேகம் பற்றிச் சுருக்கமாக

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால், முதலில் ஸ்விட்சைப் பாருங்கள். 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்சில் நொடிக்கு 11, 12 மெகாபைட்தான் செல்லும். கிகாபிட் ஸ்விட்சும் கேட் 5இ கேபிளும் இருந்தால் 110 மெகாபைட் வரை கிடைக்கும். சில நூறு ரூபாய் ஸ்விட்சில் மிச்சம் பிடித்துவிட்டு, விலை உயர்ந்த டிஸ்க் வாங்குவதில் பயன் இல்லை. சர்வரை வை-பி மூலம் இணைக்க வேண்டாம்.

பேக் அப் இப்படிச் செய்யலாம்

மூன்று காப்பிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வெளியிடத்தில் என்பது பழகிப் போன 3-2-1 விதி. நம் அலுவலகத்திற்கு இதை எளிதாக்கலாம். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று, இரண்டு என்று எண் எழுதி ஒட்டுங்கள். ஒன்று எப்போதும் நாஸில் செருகி இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் தானாகவே பேக் அப் எடுக்கும்படி அமைத்திடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று, வீட்டில் உள்ளதைக் கொண்டு வந்து செருகுங்கள். அந்த டிஸ்க்கை நெட்வொர்க்கில் ஷேர் செய்யக் கூடாது. வழியில் தொலைந்தால் வாடிக்கையாளர் விவரங்கள் பிறர் கையில் சிக்காமல் இருக்க, பாஸ்வேர்ட் மூலம் என்கிரிப்ட் செய்திடுங்கள். டாலி திறந்திருக்கும்போது போல்டரை அப்படியே காப்பி செய்வது முழுமையாக அமையாமல் போகலாம். டாலியிலேயே உள்ள பேக் அப் வசதி மூலம் எடுத்து, அந்த பைலை சர்வரில் வையுங்கள்.

"இவ்வளவு எதற்கு, எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு பேர், சில ஜிபி டாகுமெண்ட் என்றால் அதுவே போதும். சர்வர் வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் 500 ஜிபி டேட்டாவை நொடிக்கு 20 மெகாபிட் அப்லோட் வேகத்தில் ஏற்ற 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீட்கும்போதும் காத்திருக்க வேண்டும். மேலும், பைல்களை ஒத்திசைக்கும் சேவையில் இங்கே அழித்தது அங்கும் அழியும். கிளவுடை மூன்றாவது காப்பியாக வையுங்கள். முதல் காப்பியாக வேண்டாம்.

சட்டமும் இதில் சம்பந்தப்பட்டுள்ளது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ம் பிரிவின்படி, கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், கம்பெனிகள் சட்டம் 2013ன்படி 8 நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்துள்ள கணக்குக்கு, இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக் அப் வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. எட்டு ஆண்டு என்பது எந்த ஒரு டிஸ்க்கையும் நம்பி இருக்கக்கூடிய காலம் அல்ல. டிஸ்க் மாறும், பெட்டி மாறும், பையன்கள் மாறுவார்கள். பைல்கள் மட்டும் இருக்க வேண்டும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கையில் இருப்பது 100 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். பெட்டிக்கும் உள்ளே செருகும் இரண்டு டிஸ்க்குகளுக்கும் சேர்த்து 60 ரூபாய்க்கு மேல் செல்லாதீர்கள். மீதி 40 ரூபாய் யு.பி.எஸ்., கிகாபிட் ஸ்விட்ச், இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆகியவற்றுக்கு. பணம் போதவில்லை என்றால் பெட்டியின் மாடலைக் குறையுங்கள். அந்த 40ல் கை வைக்காதீர்கள். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டு ரெய்ட் 1 அமைத்தால் கிடைப்பது 4 டெராபைட்தான், 8 அல்ல. அதுவும் விண்டோஸில் சுமார் 3.6 என்றே தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறை வேறு. இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல், வெவ்வேறு தயாரிப்புத் தேதி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே சமயத்தில் கெட வாய்ப்பு உண்டு.

எல்லாம் அமைத்து முடித்தவுடன், பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், ஒரு சோதனை செய்யுங்கள். சோதனைக்கென ஒரு போல்டரை உருவாக்கி, பேக் அப் எடுக்கச் செய்து, பின் அதை அழியுங்கள். அமைத்துக் கொடுத்தவரிடம், "இதைத் திரும்பக் கொண்டு வாருங்கள்" என்று கேளுங்கள். அவர் பத்து நிமிடத்தில் கொண்டு வந்தால், எப்படிச் செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி, பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தத் தாளைப் பார்த்து நீங்களே செய்து பாருங்கள். அவர் தயங்கினால், கடைசித் தவணை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.